கண்ணு நெட்

அந்த வீட்டில் யாரும் யாரையும் அதட்டிப் பேச மாட்டார்கள். பத்து வருஷத்தில் லோகப்பிரியா ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. 'ங்க' போடாமல் ஒரு பேச்சு முடியாது. மாமியார் நாச்சியம்மாள் அவளை வாய் நிறையக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு என்ன குறை என்று காங்கேயத்துச் சொந்தமெல்லாம் கேட்டது. என்ன குறை என்று எடுத்துச் சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

நெட் விவகாரம் மகளால் வந்தது. ஒன்பது வயது ரித்திகா அப்பாவின் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவள், பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டுப் போனை வீசியெறிந்து அலறினாள். கணவன் கிருபாசங்கர் எண்ணெய் மில் வைத்திருப்பவன். ஆள் வைத்துச் சரிசெய்யலாம் என்றான். வெளியாள் எதற்கு, நான் செய்கிறேன் என்று லோகப்பிரியா முந்திக்கொண்டாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்ததே, அதற்கு ஒரு நாளாவது வேலை கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டு நெட்டை இரண்டாகப் பிரித்தாள். ஒன்றுக்குப் 'பெரியவங்க' என்று பேர் வைத்தாள், மற்றதற்குக் 'கண்ணு'. கண்ணு நெட்டில் பாடமும் நல்ல படங்களும் மட்டும் வரும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அதுவும் வராது. காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்துகொண்டு விளையாடக் கூடாதல்லவா. அவசரமென்றால் திரையில் 'அப்பாகிட்டக் கேளு' என்றொரு பொத்தான். அமுக்கினால் கிருபாசங்கரின் போனுக்குத் தகவல் போகும், அவன் நேரம் கொடுக்கலாம். மகள் கைபட்டு எல்லாம் அழிந்துவிடக் கூடாதென்று ரூட்டரை மீட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னதும் அவள்தான். அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் சாமி முன் வைத்து, பிறகு ஆண்பிள்ளை கையில் கொடுப்பது வழக்கம். பாஸ்வேர்டு எழுதிய சீட்டுக்கும் மஞ்சள் தடவி, பெட்டிச் சாவியோடு கணவனிடம் கொடுத்தாள். கெட்டிக்காரி, தனக்கென்று ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவள் ரகசியமாகக் காத்திருந்த மெயில் வந்தது. படித்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட பெண்களை வேலைக்கு எடுக்கும் கோயமுத்தூர்க் கம்பெனி அது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல், அரை மணி நேரம். வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று போட்டிருந்தது. மறைத்துச் செய்ய மனம் வராமல் கணவனிடம் சொன்னாள். "பாக்கலாமுங்க அம்மணி" என்றான். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசை யாரை விட்டது.

புதன்கிழமை சாயங்காலம் அவன் போனை நீட்டி, ஒரு நெட்டில் இருக்கிற போனை இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவதென்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவன் விரல் பட்டியலில் அவள் போன் பேரில் நின்றது, பிறகு அவள் லேப்டாப் பேரில். இரண்டும் கண்ணு நெட்டுக்குப் போயின.

"ஏனுங்க, அது என்னுதுங்க" என்றாள்.

"தெரியுமுங்க. கண்ணுன்னு பேரு வெச்சது நீதான அம்மணி. அம்மா உன்னைய வேறென்னன்னு கூப்புடறாங்க?"

நாச்சியம்மாள் சிரித்தார். அதில் விஷமில்லை, அதுதான் கொடுமை. லோகப்பிரியா கணவன் பக்கம் திரும்பினாள். நாளை பதினொன்றுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"கேட்டாத் தரப்போறேன். அதுக்குத்தான பொத்தான் வெச்சிருக்கறே" என்றான்.

வீட்டில் நெட் இருக்கும்போது எதற்கென்று அவள் சிம்மில் பேச மட்டும்தான் காசு போட்டிருந்தது. தோட்டத்துக்குள் தனி வீடு. நெட் கடைக்குப் போவதென்றால் காங்கேயம் பஸ் ஏற வேண்டும். மறுநாள் காலையிலேயே கிளம்பியிருக்கலாம், தருவான் என்று நம்பித் தொலைத்தாள்.

வியாழக்கிழமை தலை பின்னி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பத்தே முக்காலுக்கு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். லிங்கைத் தொட்டாள். பூப்போட்ட மஞ்சள் திரை வந்தது, மகளுக்காக அவளே வரைந்தது. 'இது பள்ளி நேரம் கண்ணு. அப்பாகிட்டக் கேளு.' பொத்தானை அமுக்கினாள். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி அமுக்கினாள். பதினொன்றுக்கு மில்லுக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீட்டர் பெட்டியை இழுத்துப் பார்த்தாள். பூட்டு நல்ல பூட்டு, அவள் சொல்லித்தான் வாங்கியது.

பதினொன்று ஐம்பதுக்குத் திரை பச்சையானது. 'நல்ல பிள்ளை! அப்பா பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கார்.' இந்த வரியையும் அவள்தான் எழுதியிருந்தாள். லிங்கைத் தொட்டாள். நேர்காணல் முடிந்துவிட்டதென்று வந்தது. மேல்மூலையில் பதினாலு, பதிமூன்று என்று நிமிஷம் குறைந்துகொண்டிருந்தது.

"நெட்டு வந்துருச்சா கண்ணு?" என்று முன்னறையிலிருந்து மாமியார் கேட்டார்.

"வந்துருச்சுங்க அத்தை" என்றாள்.