அக்கரையில் மூன்று படைகள்

என் கணவர் இறந்து ஏழு வாரம் கழித்து, அவருடைய நண்பரான பல் டாக்டர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். சாப்பாட்டு மேசையை அப்போதும் போர்க்களம்தான் அடைத்துக்கொண்டிருந்தது: வரைபடத்தில் ஒரு நதி, நாலு நகரம், ஆயிரத்து நானூறு அட்டைச் சில்லுகள். ஒவ்வொரு சில்லும் ஒரு படைப்பிரிவு. இருவரும் எட்டு மாதம் ஞாயிறுதோறும் ஆடி முப்பத்தொரு சுற்று முடித்திருந்தார்கள். ஆட்டம் மொத்தம் அறுபது சுற்று. நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிடப் பழகியிருந்தேன்.

"இதை நானே எடுத்து வச்சிடறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? இதப் பாருங்க, புது ஆட்டம். விதி நாலே பக்கம். அரை மணியில முடிஞ்சிடும். நாம ரெண்டு பேரும் ஆடலாம்."

"அரை மணியில முடிச்சிட்டு மிச்ச நாளை என்ன பண்றது?"

அவர் சின்னப் பெட்டியைத் திறக்கப் போனார்.

"ஆட்டம் பாதியில நிக்குது டாக்டர். அவர் பக்கத்தை நான் ஆடறேன்."

"நீங்களா? விதிப்புத்தகம் தொண்ணூத்தாறு பக்கம். நானே முழுசாப் படிச்சதில்ல."

"தெரியுது."

முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். அடிக்குறிப்பைத் தாண்டிப் போக என் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்திருந்தேன். அறுபத்தோராம் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி: மழைக்காலத்தில் ரயில் பாலத்தின் வழியே உணவு வண்டிகள் போக முடியாது. உணவில்லாமல் இரண்டு சுற்று நின்றால் படை கலைந்துவிடும். என் கணவரின் மூன்று பிரிவுகள் நதிக்கு அக்கரையில் டாக்டரின் நகரத்தை வளைத்து நின்றன. இரண்டு மழைச் சுற்றுகளாக அந்தப் பாலத்தை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இருவருமே கவனிக்கவில்லை.

தவறைக் கண்டவரே சொல்லிவிட வேண்டும், தன் பக்கத்துக்கு நஷ்டமானாலும். அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட, ரெண்டு பேருமே கோட்டை விட்டிருக்கோம். பரவாயில்ல அண்ணி. அண்ணன் வச்சது அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருக்க இதென்ன சுவர்ல மாட்டின போட்டோவா?"

என் கணவரின் விரல் பட்டுப்பட்டு அந்தச் சில்லுகளின் ஓரம் வெளுத்திருந்தது. மூன்றையும் நானே எடுத்து ஆட்டத்தின் பழைய பெட்டியில் போட்டேன்.

"உங்க முறை."

பாலத்தைக் காக்க எனக்கு மிஞ்சியது ஒரே பிரிவு. டாக்டர் அதைத் தொடாமல் தன் படைகளை வடக்கே, ஒன்றுமில்லாத காட்டுக்குள் அனுப்பினார்.

"இந்த நாற்காலியில அவர் உட்கார்ந்திருந்தா இதைத்தான் செய்வீங்களா?"

"மாட்டேன். பாலத்தைப் பிடிச்சு, ஒரு மாசம் சொல்லிக் காட்டுவேன்."

"அப்போ பிடிங்க. முடிஞ்சா."

படைகளைக் காட்டிலிருந்து திரும்ப எடுத்து, ஐந்து பிரிவுகளைப் பாலத்தின் எதிரே நிறுத்தினார். பகடை கீழே உருளாமலிருக்க, அவர் கொண்டுவந்த சின்னப் பெட்டியை மேசை விளிம்பில் அணையாக வைத்தேன். அவர் உருட்டிய பகடை அதில் மோதி நின்றது. ஆறு.

பாலம் போனது.

"ஐயோ அண்ணி" என்று தொடங்கியவர், பாதியில் விழுங்கிவிட்டு, என் கணவரிடம் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"முதல்ல பகடையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றேன்.