ஜனாஸாவுக்குத் தண்ணீர்

பள்ளிவாசலிலிருந்து வந்த ஹமீட் லெவ்வை கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனார். உடனே கையை உதறினார்.

"இது ஆகாது. நிறமும் மாறி, மணமும் மாறிக் கிடக்கு. இந்தத் தண்ணியால ஜனாஸாவக் குளிப்பாட்டேலா."

கதவின் பின்னால் நின்ற ஸாதியாவுக்கு நன்றாகக் கேட்டது. முற்றத்தில் படங்கு கட்டி மறைத்த இடத்தில் அவளது கணவர் நிஸ்தார் உயிரற்றுப் பலகைமேல் கிடந்தார். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

"இதத்தானே லெவ்வை, அவரும் சொன்னாரு" என்றாள்.

நிஸ்தாரின் தம்பி இர்ஷாத் கிணற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒழுங்கை முனையில் அரிசி ஆலை. நெல் அவித்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். வாவிக்குப் போகும் வழியில் அது அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குள்ளும் ஊறியது. தையல்காரரான நிஸ்தார் முதலில் பள்ளிவாசலில் முறையிட்டார். தண்ணீரில் ஒரு குறையும் இல்லையென்று அன்று சொன்னவர்களில் இந்த லெவ்வையும் ஒருவர். பிறகு நிஸ்தார் கோட்டில் வழக்குப் போட்டார். ஆலையைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். ஒழுங்கையில் பாதிப்பேருக்கு வேலை போனது, இர்ஷாதுக்கும்தான். ஆலை திரும்பவும் திறந்தது, வாய்க்காலில் அதே தண்ணீர் ஓடியது. நிஸ்தாரின் வாசலை மட்டும் அதற்குப் பிறகு யாரும் மிதிக்கவில்லை. பெருநாளைக்குக்கூட ஒருவரும் சட்டை தைக்க வரவில்லை.

"மதினி."

இர்ஷாத் கதவருகே வந்திருந்தான். இரண்டு வருடமாக அவள் கேட்காத சொல்.

"ஆலை மொதலாளிக்குக் கோல் எடுத்தன். தண்ணி பவுசர் அனுப்புறாராம்."

"அந்த மனிசன்ட தண்ணி இவருக்கு வேணாம்."

"அசர் தொழுகையோட அடக்கணும் மதினி. வேற எங்க போய் அள்ளுற? என்ட கிணறும் இப்பிடித்தான்."

"ஒங்கட கிணறுமா?"

"போன மாரியிலிருந்து."

"கூடப்பொறந்த காக்காக்கிட்டயாவது சொன்னீங்களா?"

இர்ஷாத் இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் உதடு கோணியது. ஸாதியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள். "அவர வச்சிட்டிருக்கேலா."

பவுசர் வந்தது. படங்குக்குள் தண்ணீர் விழும் சத்தத்தை அவள் அறைக்குள்ளிருந்து கேட்டாள். மெதுவாக ஊற்றினார்கள். இர்ஷாத் ஒருதரம் மூக்கை உறிஞ்சினான். கபன் துணி சுற்றியபின் முகத்தைப் பார்க்கக் கூப்பிட்டபோது போனாள். நிஸ்தாரின் தாடியில் ஈரம் காயவில்லை. அதைத் துடைத்துவிடக் கை எழுந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்று மடக்கிக்கொண்டாள்.

ஆண்கள் அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பவுசர்க்காரனும் வண்டியை வாசலில் விட்டுவிட்டுத் தொழுகைக்கு அவர்கள் பின்னால் போனான். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியே குடங்கள் இடிபட்டன. ஜன்னல் இடுக்கால் பார்த்தாள். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பவுசரைச் சுற்றி நின்றார்கள். மௌத்து வீட்டு வாசல் என்பதால் குரலைத் தாழ்த்தி, முறைவைத்துப் பிடித்தார்கள். கிணறு கெட்டுப்போனதாக ஒருநாளும் வாய் திறக்காதவர்கள். ஒருத்தி பெரிய ட்றம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். யாரும் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை.

தண்ணீர் முடியும் தறுவாயில் பக்கத்து வீட்டு ஜெமீலா மட்டும் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இடுப்பில் நிறைகுடம். படியில் கால் வைக்காமல் நின்றாள்.

"ராத்தா, ஒங்களுக்கும் ஒரு குடம் வைக்கட்டா?"

ஸாதியா ஜன்னலை விட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"வைங்க."

குடம் படியில் உட்காரும் சத்தம் கேட்டது. ஜெமீலா இன்னும் ஏதோ சொல்வாள் என்று ஸாதியா பாயில் இருந்தபடியே காத்திருந்தாள். வெளியே கேற் சாத்தப்பட்டது. கடைசியாக, இருட்டியபிறகு எழுந்து கதவைத் திறந்தபோது பவுசர் போயிருந்தது, ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரிந்தது. ஈர மணலில் குடங்கள் இருந்த இடங்களெல்லாம் வட்டம் வட்டமாகக் கிடந்தன.