பச்சைக்கரைத் துண்டு

என் வீட்டுக்காரர் அமீர் ஹம்சாவின் மூக்கு மூன்று முறை உடைந்திருக்கிறது. முதல் இரண்டும் நிக்காஹ்வுக்கு முன்னால் நடந்தவை, அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. காசுக்குக் குத்துச்சண்டை போட்டவர். முப்பத்தொரு சண்டை, ஒன்பது வெற்றி. மீதி இருபத்திரண்டைப் பற்றிக் கேட்டால், "ரெஃப்ரி சரியில்ல யாஸ்மின்" என்பார். இருபத்திரண்டு ரெஃப்ரியுமா சரியில்லை என்று நான் கேட்பேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியில்லை என்பார்.

அதில் ஒரே ஒரு தோல்வியை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். பெங்களூர்ச் சண்டை, ஏழாவது ரவுண்டு. இவர் நின்றுகொண்டுதான் இருந்தார். இவருடைய மாஸ்டர் மூலையிலிருந்து துண்டை ரிங்குக்குள் வீசிவிட்டார். குத்துச்சண்டையில் அப்படித் துண்டு விழுந்தால், எங்கள் ஆள் தோற்றான், நிறுத்துங்கள் என்று அர்த்தம். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார். அந்த மாஸ்டரோடு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி வந்த அன்று மட்டும் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கோயம்புத்தூர் உக்கடத்தில், பழைய இரும்புக் குடோனுக்கு மேல்மாடியில், பதினாறு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறார். கோட்டைமேட்டுக் கடைகளில் இவர் நுழைந்தால் நாற்காலி காலியாகிறது. ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். தோற்றவருக்கு இவ்வளவு மரியாதையா என்று ஆரம்பத்தில் எனக்கே வியப்புதான். அப்புறம் புரிந்தது. எந்தக் குத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்த மனிதர்.

இவருடைய மூலையில் துண்டு இருக்கக்கூடாது. அது சட்டம். பிள்ளைகளின் முகம் துடைக்க என் பழைய துப்பட்டாக்கள்தான். ஊரில் மற்ற பெண்கள் துப்பட்டாவைப் பாத்திரக்காரனுக்குப் போடுகிறார்கள். என்னுடையவை மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று சுற்றிவிட்டு ரத்தக் கறையோடு திரும்பி வருகின்றன.

கனிஷ்கா இவரிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வந்த புதிதில் எதிராளியை ஒரு குத்து குத்திவிட்டு, "பட்டுருச்சுங்களா?" என்று கேட்பாள். அந்த மரியாதையைப் பிடுங்கி எறிய இவருக்கு முழுதாக ஒரு வருடம் ஆனது. அதற்கப்புறம் அவளுடைய இடது கைக்கு முன்னால் ஆண்பிள்ளைகளே ஒதுங்கி நின்றார்கள். ஆனால் மாநில இறுதிப் போட்டியில் மூன்று வருடமாக இரண்டாவது இடம். ஜெயிப்பவள் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போவாள்.

"ரெண்டாவதா நின்னு நின்னு சலிச்சுப்போச்சுங்கக்கா," என்றாள் என்னிடம். "இந்தத் தடவையும் இல்லீன்னா விட்டுப்போடலாம்னு இருக்கறேனுங்க."

அவள் சொன்னதைச் செய்கிறவள்.

இந்த வருடம் இறுதிப் போட்டி கோயம்புத்தூரிலேயே வைத்தார்கள், ஒரு சனிக்கிழமை. அவளுடைய அப்பா பாலுசாமி முதல் தடவையாகப் பார்க்க வந்தார். ஆறு வருடமாக மகள் அடிவாங்குவதைப் பார்க்கத் தைரியம் வராதவர், அன்றைக்கு ஒரு தார் பூவன் பழத்தோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைக்கரை போட்ட துண்டு.

"ஏனுங்க பாய், கொஞ்சம் கிட்டக்க உக்காரலாமுங்களா? தூரத்துல இருந்தா எனக்குப் படபடன்னு வருதுங்க."

மூலையில் இவருக்குத் துணையாக நிற்க வேண்டிய ஷாநவாஸ் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவனுடைய அடையாள அட்டை இவர் பையில் சும்மா கிடந்தது. நேராகப் போய்ப் போட்டி நடத்துகிறவர்களின் மேசையில் பெயரை மாற்றி எழுதி, அட்டையைப் பாலுசாமி கழுத்தில் மாட்டிவிட்டார். வந்தவரை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நாக்கு வராது. என் வீட்டுக்காரருக்கு அந்த நோய் கொஞ்சம் அதிகம்.

அட்டையை மாட்டியதற்கப்புறம்தான் துண்டைப் பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். பெரிய மனுஷரிடம் போய்த் தோளில் இருக்கும் துண்டை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்கு அவர் கன்னத்தில் அறைந்துவிடலாம். இரண்டு நிமிடம் தவித்துவிட்டு, "ஏனுங்க, புழுக்கமா இருக்குமே, துண்ட நான் வாங்கி வெச்சுக்கட்டுங்களா?" என்றார்.

"பரவாயில்லீங்க பாய். இருக்கட்டுங்க."

"சரிங்க," என்றார் என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு தோல்விக்கும் காரணம் எனக்கு அந்த நொடியில் விளங்கியது.

எதிராளி பிந்து, நாகர்கோவில் பெண், போன வருடமும் கனிஷ்காவை ஜெயித்தவள். முதல் ரவுண்டு பிந்துவுக்குப் போனது. பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது ரவுண்டு கனிஷ்காவுக்கு. பாலுசாமி ஒரு கண்ணைத் திறந்தார். கடைசியான மூன்றாவதில் கனிஷ்கா பிந்துவைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போய், இடது, இடது, வலது என்று இறக்க ஆரம்பித்தாள். ஆறு வருடமாக அவள் ஒளித்துவைத்திருந்த ஆத்திரமெல்லாம் வெளியே வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. நானும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். இன்னும் நாற்பது விநாடிதான் பாக்கி.

பாலுசாமி எழுந்தார். "அப்படித்தான் கண்ணு!" என்று தொண்டை கிழியக் கூவினார். துண்டை உருவி மேலே சுழற்றித் தூக்கிப் போட்டார்.

துண்டு விளக்கு வரைக்கும் போனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் போனது. பிறகு நிதானமாக விரிந்து இறங்கி, ரெஃப்ரியின் காலடியில் விழுந்தது.

ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். துண்டைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பிந்துவின் கையைத் தூக்கினார். பிந்துவுக்கே ஒன்றும் புரியவில்லை. கனிஷ்கா இதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால், எதிராளியின் கை ஏன் மேலே போகிறது என்று தெரியாமல் விழித்தாள். திரும்பி வந்து, "யாருங்க துண்டு போட்டது?" என்று கேட்டாள்.

பாலுசாமி என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்து, வாய் திறந்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் போட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கனிஷ்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் மாஸ்டரை இவர் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். ரிங்கிலிருந்து இறங்கிப் போனாள்.

உடைமாற்றும் அறையில் அவள் கைக்கட்டை நான்தான் கத்தரித்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"எம்மேல நம்பிக்கையே இல்லீங்களாக்கா அவருக்கு? ஜெயிச்சுட்டு இருந்தேனுங்க. அவரக் கண்ணால பாக்கவே புடிக்கலீங்க."

உண்மை என் நாக்கு நுனியில் நின்று குதித்தது. சொன்னால் அவள் மனதிலிருந்து அப்பா போவார், சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் போவார். பதினாறு வருடம் சம்பாதித்த மரியாதையை இந்த மனிதர் ஒரு வாழைத்தாருக்கு விற்றுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தரிக்கோலைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

அப்போது வெளியே ஒலிபெருக்கி இருமியது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க."

இரண்டு பேரும் ஓடினோம். பாலுசாமி ரிங்குக்குள் ஓரமாக நின்றார். வேட்டி ஒரு பக்கம் கயிற்றில் மாட்டியிருந்தது. அறிவிப்பாளரின் மைக் அவர் கையில் இருந்தது. அதை அவர் எப்படி வாங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை, மரியாதையாகக் கேட்டிருப்பார்.

"நான் கனிஷ்காவோட அப்பனுங்க. துண்டத் தூக்கிப் போட்டது நானுங்க. பாய் எனக்காகப் பொய் சொல்றாருங்க. எம்புள்ள தோத்துப்போச்சுன்னு போடலீங்க. அது அடிச்ச அடியப் பாத்துச் சந்தோசத்துல போட்டேனுங்க. எங்க பக்கமெல்லாம் சந்தோசம் வந்தா மேலதானுங்க போடுவோம். அது உள்ள வந்து உழுவும்னு கண்டேனுங்களா?" உடனே பிந்து பக்கம் திரும்பினார். "அம்மணி, நீயும் நல்லாத்தான் ஆடுன. தப்பா எடுத்துக்காத கண்ணு."

அரங்கம் சிரித்தது, பிறகு கைதட்டியது. தீர்ப்பு மேசையில் இருந்தவர்கள் அரை மணி நேரம் கூடிப் பேசினார்கள். முடிவு மாறவில்லை. மூலையில் அட்டை போட்டவர் துண்டு போட்டால், சந்தோசமோ துக்கமோ, அது துண்டுதான். கோப்பில் சேர்க்க வேண்டும் என்று துண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாலுசாமி வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்தார்.

கனிஷ்கா அவர் முன்னால் போய் நின்றாள். அடிப்பாளோ என்றுகூட ஒரு நிமிடம் பயந்தேன்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் கண்ணு. பாத்ததுனாலதான இத்தன கூத்தும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கும் கண் கரித்தது. நான் அப்படியெல்லாம் சுலபமாக அழுகிறவள் இல்லை.

அப்புறம் அவள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் வாளியில் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"எதுக்குங்க மாஸ்டர் பொய் சொன்னீங்க? ஒரு மணி நேரமா உங்கள மனசுக்குள்ள கண்டபடி திட்டிப்போட்டேனுங்க. இனி உங்க மூஞ்சியிலயே முழிக்கக்கூடாதுன்னு நெனச்சேனுங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போ," என்றார் அவர், நிமிராமல். "என்னைப் புடிக்கலீன்னா வேற மாஸ்டர்கிட்டப் போயிக்கலாம். அப்பனப் புடிக்கலீன்னா வேற எங்க கண்ணு போவ?"

மூக்கை உறிஞ்சினாள்.

"வேற மாஸ்டருன்னா, யாருங்க இருக்கறாங்க?"

என் வீட்டுக்காரர் நிஜமாகவே யோசித்தார். ஊரை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது முகத்தில் தெரிந்தது.

"யாரும் இல்ல," என்றார்.

"அப்ப நாளைக்கு வாரேனுங்க."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி கிடையாது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.