வேகமான மெமரி

லண்டன் கிங்ஸ்பரி வீட்டில், பாகங்களை வாங்கிப் புவனேசன் தன் கையாலேயே பூட்டிய கணினிக்கு மெமரி (RAM) மட்டும்தான் மிச்சமிருந்தது. இரண்டைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று அந்த மதர்போர்டுக்குப் பொருந்துமென்று தயாரிப்பாளரின் பட்டியலில் இருந்தது. மற்றது பட்டியலில் இல்லை, ஆனால் வேகம் கூட.

“பொருந்துமெண்டு போட்டிருக்கிறதையே வாங்குங்கோவன்,” என்றாள் மனைவி ஷாமளா. “பிள்ளையின்ர வீடியோவெல்லாம் அதிலதானே போடப்போறியள்?”

பிறந்து நாற்பத்தொரு நாளில் போய்விட்ட மகளின் வீடியோக்கள் அவை.

“வேகத்துக்குத்தானே இவ்வளவு பாடுபட்டனான்,” என்று அவன் மற்றதையே வாங்கினான். பூட்டியதும் அதன் வேகத்தை இன்னும் கூட்டினான். மெமரி பிழைவிடுகிறதா என்று பார்க்கும் சோதனையை ஒரு பகல் முழுக்க ஓடவிட வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல், பழைய கணினியிலிருந்த வீடியோக்களைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதில் இருந்ததை முழுக்க அழித்து விற்றான்.

மகளின் பிறந்தநாளன்று காலை ஷாமளா வீடியோக்களைத் திறந்தாள். சில திறக்கவேயில்லை, சில பச்சைக் கட்டங்களாய் உறைந்து நின்றன. புவனேசன் அன்றுதான் சோதனையை ஓடவிட்டான். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். தாங்காத வேகத்தில் ஓடிய மெமரி பிழையாகவே பிரதி எடுத்திருந்தது.

“ஏதும் மிஞ்சினதோ?”

“ஒண்டு மட்டும். அதிலயும் படமில்லை, சத்தம்தான்.”

ஷாமளா அவனிடமிருந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தனக்கும் ஒருமுறை கேட்கத் தரச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.