முந்தானையில் என் அண்ணன்

என் அண்ணன் தென்னரசுவின் மூன்றாம் வருஷ நினைவு நாளுக்குக் கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கிடாரை மாட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடியவனுக்குப் பன்னீரும் கல்கண்டும். பேனரில் அவன் முகத்தைவிட ஆரணிப் பட்டுக்கடை முதலாளி சந்திரமோகனின் முகம் பெரிதாக இருந்தது. செத்தவர் யார் என்று வெளியூர்க்காரர்கள் குழம்பியிருப்பார்கள்.

இதே மண்டபம்தான். ராக் பாட்டில் பேர் எடுப்பதற்கு முன்னால், சந்திரமோகன் மகளின் ரிசப்ஷனில் வாசிக்க அண்ணன் வந்தான். அவனுக்கு இடது கைப் பழக்கம். கிடார் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டு பீச்சாங்கையால்தான் மீட்டுவான். சுபகாரியத்தில் இது என்ன அசிங்கம் என்று சந்திரமோகன் முகம் சுளித்தார். கையை மாற்று, இல்லாவிட்டால் வெளியே நின்று வாசி என்றார். மகன் வாசிப்பதைப் பார்க்க ஆசையாகச் சேவூரிலிருந்து வந்திருந்த அம்மாவும் அவனோடு செருப்பு விடுகிற இடத்தில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையில்தான் அடித்தாள். சின்ன வயதிலிருந்தே சோற்றுத் தட்டுக்கு முன்னால் அப்படி அடித்துப் பார்த்தவள்தான், கை மாறவில்லை.

அந்தக் கைக்குத்தான் பிறகு ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது. லாரி மோதி அவன் செத்தபோது முன்பின் தெரியாத பிள்ளைகள் எல்லாம் மொட்டை போட்டுக்கொண்டார்கள். உடனே சந்திரமோகனுக்கு அவன் 'நம்ம ஊர்ப் பிள்ளை' ஆகிவிட்டான். செத்த பசு குடம் குடமாய்ப் பால் கறக்கும் என்பார்களே, அந்தக் கதை.

இந்த வருஷம் சந்திரமோகன் நினைவுப் பட்டுப்புடவை என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். முந்தானையில் அண்ணன் கிடாரோடு நிற்பதைச் சரிகையில் நெய்திருந்தார்கள். முந்தானையில் நாம் எதையெல்லாம் துடைப்போம் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் புடவையை அம்மா மேடையில் வாங்க வேண்டும், அந்த வீடியோவைக் காட்டித்தான் வியாபாரம்.

மேடைக்குப் பின்னால் நான் புடவையைப் பிரித்துப் பார்த்தேன். அண்ணன் சோத்தாங்கையால் வாசித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பை வலது பக்கம் வந்திருந்தது. கன்னத்து மச்சமும் கட்சி மாறியிருந்தது. நெசவில் ஏதோ தவறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

தவறே இல்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பச் சொன்னதே தான்தான் என்றார் சந்திரமோகன், நல்லது செய்தவர் மாதிரி.

"தப்பா நெனைக்காதம்மா. பட்டு மங்களமான பொருளு. பீச்சாங்கைய நெய்ஞ்சு வச்சா மூர்த்தத்துக்கு எவ வாங்கிக் கட்டுவா?"

செத்த பிறகும் கையை மாற்றிவிட்டார்கள். மேடையேறிக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கத்தினால் திமிர் பிடித்தவள் என்று மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மா சொன்னால் யாரும் பிடுங்க முடியாது. இது என் பிள்ளை இல்லை என்று பெற்றவள் மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் புடவை ஆரணியைத் தாண்டாது. அம்மாவின் காதில், நன்றாகப் பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல் என்று மட்டும் சொல்லி மேடைக்கு அனுப்பினேன். பெற்றவளுக்குத் தெரியாதா?

தெரிந்தது. முந்தானையை மடியில் விரித்ததுமே அம்மா மச்சத்தைத் தேடினாள். பிறகு கையைப் பார்த்தாள். அதன் மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. சந்திரமோகன் மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அம்மா மைக்கைக் கவனிக்கவில்லை, புடவையோடு பேசினாள்.

"இந்தக் கைக்கு மாத்திகினியாடா, கண்ணு? அப்பவே மாத்திகினு இருந்தா நம்மள உள்ள விட்டிருப்பாங்களே."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் சிலர் அழுதார்கள். அன்றைக்கு அவனை வெளியே நிறுத்திவிட்டு இலை போட்டுச் சாப்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

சந்திரமோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோவில் சரியாக விழவில்லையாம், குனிந்து அம்மாவிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அம்மா சொன்னாள்.