அறுத்த கதவு

பழைய புடவையைச் சுருட்டிப் படுக்கையறைக் கதவுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான் தம்பி. முழங்காலிட்டு, ஒரு மூலை விடாமல் விரலால் குத்திக் குத்தி அடைத்தான். உள்ளே கட்டிலில் அக்காவின் கணவர் கிடந்தார். விடிகாலையில் போன உயிர். வெளிநாட்டிலிருந்து மகள் வீடு வந்து சேர மாலை ஐந்தரை ஆகும். அதுவரை அறை ஜில்லென்று இருந்தாக வேண்டும்.

"குளிரெல்லாம் இந்தச் சந்து வழியா வீணாப் போகுதுக்கா" என்றான். அதே புடவையை அதே இடத்தில் அவளே எத்தனையோ தடவை செருகியிருக்கிறாள்.

அந்தச் சந்து தானாக வந்ததில்லை. அவர் பெரிய பெரிய அலுவலகங்களுக்கு ஏசி குழாய் போடும் ஃபிட்டர். ஊரையெல்லாம் குளிரவைத்தவர் கடைசியில் சொந்த வீட்டுப் பரணிலும் ஒரு மெஷினை ஏற்றி, தகரக் குழாய் இழுத்து எல்லா அறைக்கும் காற்றை அனுப்பினார். அனுப்பிய காற்று மெஷினுக்குத் திரும்பிப் போக ஹாலின் உச்சியில் ஒரு கம்பி ஜன்னல் வைத்தார். அதோடு விட்டாரா? பாலிஷ் வாசனைகூடப் போகாத புதுக் கதவுகளைக் கழற்றிப் போட்டு, அடியில் ஒரு விரல் கனத்துக்கு அறுத்துத் தள்ளினார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வெறும் வாயை மெல்லுகிற தம்பிக்கு அவல் கிடைத்தது. அன்று முதல் அவர் 'அறுவை மாமா'. கதவை அறுத்ததற்காக ஒரு பங்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்துக் காற்றைப் பற்றி விளக்கியதற்காக மூன்று பங்கு. அந்தப் பேருக்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஹாலில், படுக்கையறைக் கதவோரம்தான் அவளுடைய தையல் மெஷின். சந்திலிருந்து வரும் காற்று நாளெல்லாம் பாதத்தில் அடிக்கும். கால் விறைக்கிறது என்று புடவையைச் செருகிவிடுவாள். வேலை முடிந்து வந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை உருவி, நாலாக மடித்து, நாற்காலியில் வைப்பார். இருபது வருடமாக இதுதான் நடந்தது.

பதினொரு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு நர்ஸம்மா, நெற்றியைத் துடைத்துக்கொண்டே தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அவனும் போய்ப் பார்த்தான். பரணில் மெஷின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறை மட்டும் புழுங்கியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் நாளைக்குத்தான் வர முடியும் என்றான்.

"ரெண்டு மணிக்கே எடுத்துடலாம்க்கா. வேற வழி தெரியல. பாப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்பாவை நேரில் பார்த்து மகளுக்கு இரண்டு வருடம் ஆகிறது. எரித்த பிறகு வந்து எதைப் பார்ப்பாள்? என்ன செய்வதென்று தெரியாமல் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பாதத்தில் காற்றில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக அது அவளுக்கு ஒரு குறையாகப் பட்டது.

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட நிறுத்திவைத்துக் கணவர் சொன்னது இப்போது காதில் கேட்டது. "ரூம்ங்கிறது பாட்டில் மாதிரி. நெறஞ்ச பாட்டில்ல மேல மேல ஊத்தினா உள்ள போகுமா?"

எழுந்து வந்து குனிந்தாள். புடவையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கெட்டியாகத்தான் அடைத்திருந்தான், பாவி.

"அக்கா, இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் போயிடும்."

"போகட்டும்டா. போனாத்தான் வரும். உங்க மாமா சொல்லியிருக்காரு."

புடவை உருவிக்கொண்டு வந்தது. சந்திலிருந்து வெக்கைக் காற்று குபுக்கென்று அவள் கையில் அடித்தது. அப்படியே தரையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல வெக்கை தணிந்தது. ஒரு மணிக்கு உள்ளே போன நர்ஸம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பி கதவின் அடியைக் குனிந்து பார்த்தான். பிறகு தரையில் கிடந்த புடவையை எடுத்து, உதறி, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்தான்.

சிரித்ததெல்லாம் அவளுக்கு உறுத்தியது. அதைவிட, யார் சிரித்தாலும் அந்த மனுஷன் அறுத்தாரே என்று நன்றியாக இருந்தது. ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஐந்தரைக்கு மகள் வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. சந்தின் வழியாக அவள் அழுவது கேட்டது. நடுநடுவே அப்பாவிடம் ஏதோ பேசுவதும் கேட்டது.

அம்மா உள்ளே போகவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, எப்போதும் மடக்கிக்கொள்ளும் கால்கள் இரண்டையும் சந்துக்கு நேராக நீட்டி வைத்தாள்.