ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து

என் தம்பி வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பீரோ தூக்குகிறவன். வீட்டுக்கு வந்தால் என்னைத் தூக்குகிறான். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, நாற்பத்தெட்டுப் படி. பத்தொன்பது வருடமாக அவன் முதுகில் ஏறித்தான் நான் தெருவைப் பார்க்கிறேன்.

போன மாதம் டாக்டர் அவனிடம், இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். "அந்த ஆளு சும்மா பயமுறுத்துறான்க்கா" என்று சிரித்தான். ஆனால் பராமரிப்பு விடுதி ஒன்றில் தரைத்தளத்தில் எனக்கு ஒரு கட்டில் சொல்லி வைத்திருந்தான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் பதில் தயாராக இருந்தது. போக மாட்டேன். என் வீடு, என் தம்பி, நான் ஏன் போக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போகலாம் என்றான். என் வாயை அடைக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? இறங்கும்போது இரண்டாம் மாடியில் நின்று, என்னை முதுகில் வைத்துக்கொண்டே, அங்கே குடியிருப்பவரிடம் ஐந்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினான். அவன் ஜென்மத்தில் மழையைப் பற்றிப் பேசியவன் இல்லை. கீழே படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் என் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

ஏரிக்கரையில் ஒரு படிகூட இல்லை. வழவழவென்று சிமெண்ட் பாதை ஏரியைச் சுற்றிப் போனது. மீன் பிடிக்கிற மரமேடைக்குக்கூடச் சக்கர நாற்காலியோடு போகலாம். வாத்துக்கும் சரிவுப்பாதை போட்டிருப்பார்கள் போல. எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டால் மனிதருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

"தள்ளிட்டு வரவா?"

"வேணாம். நீ உக்காரு. நானே போறேன்."

"தனியாவா?"

"ஏன், முதலை இருக்கா?"

நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன். யாரையும் கேட்காமல் நின்றேன், யாரையும் கேட்காமல் திரும்பினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகக்கூட இருந்தது. அக்கரையில் பறவை பார்க்க இரண்டு தொலைநோக்கி நட்டு வைத்திருந்தார்கள். ஒன்று நிற்கிறவர்களுக்கு, ஒன்று என் போன்றவர்களுக்கு. பறவைகளைப் பார்த்து முடித்ததும், தம்பி என்ன செய்கிறான் என்று பார்த்துக் கேலி செய்யலாமே என்று அதைத் திருப்பினேன்.

பெஞ்சில் யாரோ ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டில் அவனைப் பத்தடிக்கு மேல் தள்ளி வைத்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் பாறை மாதிரி இருப்பான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றான். பிறகு மெல்லச் சரிந்து மண்ணில் மண்டியிட்டான். நாயோடு வந்த ஒரு அம்மாள் ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். எழுந்தவுடன் நான் பார்த்துவிட்டேனோ என்று பாதையைத்தான் பார்த்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது.

நான் திரும்பி வந்தபோது இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, ஊரையே சுத்திட்டியா?"

"நான் அங்க போறேன்டா. அந்த விடுதிக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அரை டம்ளர் டீ அதிகமாக ஊற்றினாலே மூன்று தடவை வேண்டாம் என்கிறவன் அவன். உனக்கென்ன பைத்தியமா என்று கத்துவான், நான் இரண்டு வார்த்தை பேசிச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கான வசனமெல்லாம் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். பேச்சுக்காவது ஒரு தடவை வேண்டாம் என்றிருக்கலாம்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா," என்றான், என்னைப் பார்க்காமல். "இன்னைக்கே சேத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாக்கவா? என்னால மறுபடி அந்தப் படி ஏற முடியாதுக்கா."

"கேளுடா," என்றேன்.